திராமிசுவும் சில வினைச்சொற்களும்



நம் வீட்டுச் சமையலறையில் நாள்தோறும் ஓர் இலக்கண வகுப்பு நடந்துகொண்டிருக்கிறது. பொங்குவது பொங்கல். அவிப்பது அவியல். துவைப்பது துவையல். பொரிப்பது பொரியல். வறுப்பது வறுவல். மசிப்பது மசியல். நம் மலேசியத் தமிழர் வீடுகளில் ஞாயிற்றுக்கிழமை மணக்கும் கோழிப் பிரட்டலும் அந்த வரிசையைச் சேர்ந்ததுதான். செயலின் பெயர் அச்செயலால் உண்டான பொருளுக்கு ஆகிவருவதைத் தொழிலாகுபெயர் என்று வகுப்பில் கற்பிக்கிறோம். ஊறுகாயோ ஊறிய காய், ஊறுகின்ற காய், ஊறும் காய் என முக்காலத்தையும் தன்னுள் கரந்து வைத்திருக்கும் வினைத்தொகை. ஆக, தமிழர் தம் உணவுக்குப் பெயர் வைத்தபோது, ‘இஃது என்ன?’ என்று கேட்டதைவிட, ‘இதனை என்ன செய்தோம்?’ என்று கேட்டதே மிகுதி எனலாம்.

இந்த வழக்கம் நமக்கு மட்டும் உரியதன்று. மாமாக் கடையில் நாம் வாங்கிப் பருகும் தே தாரிக்கை எடுத்துக்கொள்ளுங்கள். மலாய்மொழியில் ‘தாரிக்’ என்றால் ‘இழு’. இரு குவளைகளுக்கிடையே தேநீரை நீள இழுத்து ஊற்றும் செயலே அந்தப் பானத்தின் பெயராகிவிட்டது. தமிழில் அச்செயலுக்கு ‘ஆற்று’ என்னும் அழகான வினை உண்டு. அதேபோல, இத்தாலிய நாட்டின் புகழ்பெற்ற இனிப்பான திராமிசுவின் பெயரும் ஒரு வினைதான். ‘திரா’ என்றால் இழு. ‘மி’ என்றால் என்னை. ‘சு’ என்றால் மேலே. ‘என்னைத் தூக்கி நிறுத்து’ என்று சொல்லலாம். முழுமையான ஓர் ஏவல் வாக்கியமே தின்பண்டத்தின் பெயராக அமர்ந்திருக்கிறது!

அண்மையில் ஒரு பள்ளி விடுமுறையின்போது பங்சாரிலுள்ள எங்கள் வீட்டில் இந்தத் திராமிசுவைச் செய்தோம். அடுப்பங்கரையில் அன்று நான் கண்டதும் கேட்டதும் ஒரு தமிழாசிரியர் என்ற முறையில் என்னை மிகவும் சிந்திக்க வைத்தன. அவற்றை உங்களோடு பகிர்ந்துகொள்வதே இப்பதிவின் நோக்கம். செய்முறையையும் முழுமையாகத் தருகிறேன்.

திராமிசு பிறந்த கதை

பெயரைக் கேட்டால் ஏதோ பல நூற்றாண்டு கண்ட அரண்மனைப் பண்டம் போலத் தோன்றும். உண்மையில் இது நம்மில் பலரின் வயதுதான் உடையது. இத்தாலியின் வடகிழக்கே வெனெத்தோ மாநிலத்தில் திரெவீசோ என்னும் நகரம் உள்ளது. அங்கிருந்த ‘லே பெக்கெரியே’ என்ற உணவகத்தில், அதன் உரிமையாளர் ஆதோ கம்பெயோலின் துணைவியார் ஆல்பாவும் இனிப்புக் கலைஞர் ரொபெர்த்தோ லிங்குவனோத்தோவும் இணைந்து இதனை உருவாக்கினர் என்பது பரவலாகச் சொல்லப்படும் வரலாறு. 1972-ஆம் ஆண்டில் இஃது அவ்வுணவகத்தின் உணவுப் பட்டியலில் இடம்பெற்றது. கம்பெயோல் 2021-இலும் லிங்குவனோத்தோ 2024-இலும் காலமாயினர். அண்டை மாநிலமான பிரியூலி வெனேசியா ஜூலியாவோ, தங்கள் ஊரில் இதற்கும் முன்பே இப்பண்டம் இருந்தது என உரிமை கொண்டாடுகிறது. 2017-ஆம் ஆண்டில் இத்தாலிய அரசு திராமிசுவை அம்மாநிலத்தின் மரபு உணவுப் பட்டியலில் சேர்த்தபோது, வெனெத்தோவினர் கடுமையாக எதிர்ப்புத் தெரிவித்தனர். தோசைக்கும் இட்டலிக்கும் ஊர்கள் போட்டியிடுவதைக் கண்ட நமக்கு இது புதிதன்று.

எனக்கு இந்த வரலாற்றில் பிடித்த பகுதி வேறு. திரெவீசோப் பகுதியில் ‘ஸ்பதுதீன்’ என்றொரு வீட்டு வழக்கம் உண்டு. முட்டையின் மஞ்சள் கருவையும் சீனியையும் ஒன்றாக அடித்து, உடல் தளர்ந்தவர்களுக்கும் குழந்தை பெற்ற தாய்மார்களுக்கும் வலுவூட்டக் கொடுப்பார்கள். ‘ஸ்பதுதீன்’ என்ற சொல் ‘அடித்தல்’ என்னும் வினையிலிருந்து வந்தது. ஆல்பா அம்மையார் மகப்பேற்றுக்குப் பின் தமக்குக் கொடுக்கப்பட்ட இந்த ஊட்ட உணவை நினைவிற்கொண்டே திராமிசுவை உருவாக்கினார் என்று அக்குடும்பத்தார் கூறிவந்துள்ளனர். பூப்பெய்திய பெண்பிள்ளைக்குப் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் கொடுக்கும் நம் வழக்கம் உங்கள் நினைவுக்கு வருகிறதா? ‘முட்டை அடிச்சுக் குடுப்பாங்க’ என்றுதான் நம் தோட்டப்புறத்துப் பாட்டிமார் சொல்வார்கள். அங்கும் அடித்தல், இங்கும் அடித்தல்!

இன்னொரு செய்தி பெற்றோர்களுக்குப் பயன்படும். திராமிசு என்றாலே மது கலந்தது என்ற எண்ணம் நம்மிடையே உள்ளது. பிற்காலத்தில் பலர் மதுவைச் சேர்த்தது உண்மைதான். ஆனால், திரெவீசோவின் மூலச் செய்முறையில் மது இல்லை. முட்டையின் வெள்ளைக் கருவும் இல்லை. மஞ்சள் கரு, சீனி, மஸ்கார்ப்போனே என்னும் மென்மையான பாலேட்டுக் கட்டி, கோப்பி, சவொயார்தி என்னும் விரல்வடிவ ரொட்டி, கொக்கோத் தூள் ஆகிய ஆறு பொருள்கள் மட்டுமே. எனவே, மதுவை விட்டுவிட்டுச் செய்வதால் நாம் எதனையும் குறைத்துவிடவில்லை.

பங்சாரும் இரவல் பெயர்களும்

பங்சார் என்றால் இன்று கோப்பிக் கடைகளும் வெளிநாட்டு உணவகங்களும் நிறைந்த செல்வச் செழிப்பான பகுதி என்றே கோலாலம்பூர்வாசிகள் நினைப்பர். தெலாவிச் சாலைகளில் நடந்தால் பத்துக் கடைக்கு ஒரு கடையில் திராமிசு கிடைக்கும். ஆனால், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இஃது ஓர் இரப்பர்த் தோட்டம். பூஞ்சே, கிரிசார் என்ற இரண்டு ஐரோப்பிய முதலாளிகளின் பெயர்களை இணைத்து வழங்கிய தோட்டப் பெயரே மருவிப் பங்சார் ஆயிற்று என்பர். ஊரின் பெயர் இரவல். ஆனால், அந்த மண்ணில் காடழித்ததும் கன்று நட்டதும் மரம் சீவியதும் பால் சேர்த்ததும் தமிழர் கைகள். அந்த வேலைகளையெல்லாம் அவர்கள் தமிழ் வினைகளால்தான் சொன்னார்கள். இரப்பரைக்கூடப் ‘பால்மரம்’ என்றே அழைத்தார்கள்.

இன்றைய நிலை என்ன? பெயர்ச்சொற்களைப் பற்றி நான் கவலைப்படவில்லை. வந்த பொருளோடு வந்த பெயரும் வரட்டும். திராமிசுவுக்குத் தமிழ்ப்பெயர் சூட்ட வேண்டும் என்று நண்பர் ஒருவர் வலியுறுத்தினார். கேக்கை அணிச்சல் என்று நாம் வழங்குவதுபோல் அதற்கும் ஒன்று வேண்டும் என்பது அவர் வாதம். அவருடைய தமிழ்ப்பற்றை வணங்குகிறேன். ஆயினும், நம் வீடுகளில் உண்மையாகக் கரைந்துகொண்டிருப்பவை வினைச்சொற்கள்தாம் என்பேன். ‘மிக்ஸ் பண்ணு, கட் பண்ணு, வாஷ் பண்ணு, குக் பண்ணு’ என்று எல்லாச் செயலும் ஒரே ‘பண்ணு’க்குள் அடங்கிவிட்டன. உணவகத்தில் ‘தாப்பாவ் பண்ணுங்க’ என்கிறோம். ‘நாலு ரொட்டி கட்டுங்க’ என்று சொன்ன தலைமுறை இன்னும் நம்மோடுதான் இருக்கிறது.

‘மிக்ஸ் பண்ணு’ என்ற ஒரே தொடர் எத்தனைத் தமிழ் வினைகளை விழுங்கிவிட்டது என்று ஒருநாள் எழுதிப் பார்த்தேன். கல, கலக்கு, கிளறு, கிண்டு, துழாவு, பிசை, குழை, புரட்டு, பிரட்டு, கரை, விரவு, அளாவு... பன்னிரண்டு சொற்களோடு நிறுத்திக்கொண்டேன். இவற்றில் ஒவ்வொன்றும் வேறு கை, வேறு வேகம், வேறு பதம். உப்புமாவைக் கிண்டுவோம், பிசைய மாட்டோம். மாவைப் பிசைவோம், கிளற மாட்டோம். திருக்குறளின் மக்கட்பேறு அதிகாரத்தில், குழந்தையின் சிறுகை கூழுக்குள் செய்யும் செயலுக்கு வள்ளுவர் தேர்ந்தெடுத்த வினை ‘அளாவு’. அங்கே ‘கலக்கு’ என்று போட்டுப் பாருங்கள். குழந்தையின் கை மறைந்துவிடும்!

மூவர் கூடிய அடுப்பங்கரை

என் தங்கை மகளுக்குப் பத்து வயது. அவள் படிப்பது ஆங்கிலவழிப் பள்ளியில். தமிழில் நிறங்கள் தெரியும், விலங்குகள் தெரியும், உறவுமுறைப் பெயர்கள் தெரியும். வாக்கியம் மட்டும் வராது. என் அம்மாவோ கிள்ளான் வட்டாரத் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்தவர். இளமையில் மரம் சீவியவர். தமிழும் சந்தைக்குப் போதுமான மலாயும் அவருடைய மொழிகள். பாட்டிக்கும் பேத்திக்கும் ஒருவர்மேல் ஒருவருக்கு அன்பு குறைவில்லை. ஆனால், ‘சாப்டியா கண்ணு?’ ‘சாப்டேன் பாட்டி’ என்பதோடு உரையாடல் நின்றுவிடும். அதன்பின் ஒருத்தி கைப்பேசியைப் பார்ப்பாள். மற்றவர் தொலைக்காட்சியைப் பார்ப்பார். இப்படி எத்தனை வீடுகள் இருக்கின்றன என்பது உங்களுக்குத் தெரியும்.

விடுமுறைக்கு வந்தவள், ‘பெரியம்மா, திராமிசு செய்யலாமா?’ என்று கேட்டாள். ‘செய்யலாம். ஆனா, ஒவ்வொரு வேலையையும் தமிழ்ல சொல்லிட்டுத்தான் செய்யணும். சொல் தெரியலைன்னா பாட்டியைக் கேட்கணும்’ என்றேன். ஒப்புக்கொண்டாள். அம்மாவை அழைத்து வந்து நாற்காலியில் அமர வைத்தோம்.

முதலில் பொருள் பட்டியல் எழுதினாள். விரல்வடிவ ரொட்டிக்கு ஆங்கிலத்தில் ‘லேடி பிங்கர்’ என்று பெயர். பட்டியலைப் படிக்கக் கேட்ட அம்மா, ‘பலகாரத்துக்கு எதுக்குடி வெண்டைக்காய்?’ என்றார். நாம் வெண்டைக்காய்க்கும் அதே ஆங்கிலப் பெயரைத்தானே சொல்கிறோம்! வீடே சிரித்தது. பெயர்ச்சொல் செய்யும் குழப்பத்துக்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமா?

தேவையான பொருள்கள் (20 செண்டிமீட்டர் சதுரத் தட்டு ஒன்றுக்கு)

முட்டையின் மஞ்சள் கரு – 4
சீனி – 100 கிராம்
மஸ்கார்ப்போனே – 250 கிராம்
அடித்தால் நுரைக்கும் பாலேடு – 200 மில்லிலிட்டர்
சவொயார்தி ரொட்டி – 200 கிராம்
சீனி போடாத கெட்டியான கோப்பி – 300 மில்லிலிட்டர்
இனிப்பில்லாத கொக்கோத் தூள் – 2 மேசைக்கரண்டி

மூலச் செய்முறையில் பாலேடு இல்லை. இலேசாக இருப்பதற்காக நான் சேர்த்துக்கொள்கிறேன். தாவரக் கொழுப்பில் செய்ததை வாங்காமல், பாலிலிருந்து எடுத்த பாலேட்டையே வாங்குங்கள். கோப்பிக்கு நம் ஊர்க் ‘கோப்பி ஓ’ நன்றாகவே பொருந்தும். சீனியும் கொழுப்பும் சேர்த்து வறுக்கப்பட்ட கொட்டையாதலால் அதற்குக் கருகிய இனிப்பின் மணம் இயல்பாகவே இருக்கும். சீனி போடாமல் கெட்டியாக வடித்து ஆற வைத்துவிடுங்கள்.

திரிவதும் உறைவதும்

மஸ்கார்ப்போனே பங்சார்ப் பேரங்காடிகளில் கிடைக்கிறது. விலை சற்று மிகுதி. வீட்டிலேயே செய்வது எளிது. அரை லிட்டர் கெட்டிப் பாலேட்டைச் சிறுதீயில் 85 பாகை செல்சியஸ் வரை சூடாக்கி, ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு ஊற்றி, ஐந்து நிமிடம் மெல்லத் துழாவ வேண்டும். கரண்டியின் பின்புறத்தில் படியும் அளவுக்குக் கெட்டியானதும் இறக்கி ஆற வைத்து, மெல்லிய துணியில் ஊற்றி, குளிர்சாதனப் பெட்டிக்குள் ஓர் இரவு வடிய விட்டால் போதும். ஆகவே, இதனை முதல்நாளே செய்துவிட்டோம்.

எலுமிச்சைச் சாற்றை ஊற்றியதும் பேத்தி ஆங்கிலத்தில் ஏதோ சொல்லி முகத்தைச் சுளித்தாள். பால் கெட்டுவிட்டது என்பது அவள் எண்ணம். அப்போதுதான் அம்மா நாற்காலியை விட்டு எழுந்து வந்தார்.

‘கெட்டுப் போகலை கண்ணு. கெட்டியாகுது. தோட்டத்துல நாங்க பாலுக்கு ஆசிட் ஊத்தி உறைய வைப்போம், அது மாதிரிதான்.’

‘என்ன பால், பாட்டி? பசும்பாலா?’

‘இல்லடா, பால்மரத்துப் பால்!’

அதன்பின் கால்மணி நேரம் அம்மாதான் பேசினார். விடியுமுன் எழுந்ததையும், மரத்தைச் சீவியதையும், கோப்பையில் பால் வடிந்ததையும், வாளியில் சேர்த்துத் தூக்கியதையும், வடிகட்டி உறைய வைத்து, அழுத்தித் தகடாக்கிப் புகைபோட்டு உலர்த்தியதையும் கைகளால் செய்து காட்டினார். சீவு, வடி, சேர், தூக்கு, வடிகட்டு, உறைய வை, அழுத்து, உலர்த்து. பேத்தி ஒவ்வொரு சொல்லையும் கையசைவோடு திருப்பிச் சொன்னாள்.

அம்மாவின் ஒப்புமை அறிவியலுக்கும் ஒத்துவருகிறது. மரப்பாலில் மிதக்கும் இரப்பர்த் துகள்கள் ஒன்றையொன்று விலக்கும் மின்னூட்டம் கொண்டிருப்பதால் தனித்தனியே நிற்கின்றன. அமிலம் சேர்ந்ததும் அந்த விலக்கம் நீங்கி அவை ஒட்டிக்கொள்கின்றன. பாலேட்டிலுள்ள புரதத்துக்கும் ஏறத்தாழ இதுவே நேர்கிறது. இதற்குத் தமிழில் எத்தனை நுட்பமான வினைகள்! பால் கெட்டால் ‘திரிந்தது’. தயிரானால் ‘உறைந்தது’ அல்லது ‘தோய்ந்தது’. சுண்டக் காய்ச்சினால் ‘திரண்டது’. ஆங்கிலம் மட்டுமே அறிந்த பிள்ளை ‘பால் கெட்டுவிட்டது’ என்று அஞ்சிய இடத்தில், ‘உறைகிறது’ என்ற ஒரு சொல் அச்சத்தைப் போக்கிவிட்டது.

செய்முறை

1. அடித்தல்: மஞ்சள் கருவையும் சீனியையும் ஒரு கிண்ணத்தில் இட்டு, மெல்லக் கொதிக்கும் நீருள்ள பாத்திரத்தின்மேல் வைத்து, கை ஓயாமல் அடியுங்கள். கிண்ணத்தின் அடி நீரைத் தொடக்கூடாது. ஐந்து முதல் எட்டு நிமிடத்தில் கலவை வெளிறி, நுரைத்து, கெட்டியாகும். வெப்பமானி இருந்தால் 71 பாகை செல்சியஸ் எட்டியதா என்று பாருங்கள். பச்சை முட்டையால் வரக்கூடிய நச்சுக்கிருமியின் இடர் இதனால் நீங்கும். சிறுவர்க்கும் முதியோர்க்கும் கொடுப்பதால் இந்தப் படியைத் தவிர்க்காதீர்கள். சீனி சேர்ந்திருப்பதால் கரு எளிதில் கட்டிதட்டாது. பின்னர், நன்றாக ஆற விடுங்கள்.

2. குழைத்தல்: மஸ்கார்ப்போனேயைக் கரண்டியால் குழைத்து, ஆறிய முட்டைக் கலவையோடு சேருங்கள். சூடாக இருக்கும்போது சேர்த்தால் மஸ்கார்ப்போனே உருகி நீர்த்துவிடும்.

3. புரட்டுதல்: பாலேட்டைத் தனியே நுரைக்க அடித்துக் கலவையில் சேர்க்க வேண்டும். இந்த இடத்தில் ஆங்கிலச் செய்முறை ‘மடி’ என்று பொருள்படும் சொல்லைப் பயன்படுத்துகிறது. பேத்தி அதனை அப்படியே தமிழாக்கி, ‘பாட்டி, கிரீமை மடிக்கணுமா?’ என்றாள். ‘துணியைத்தான் மடிப்பாங்க. இத அடியிலேர்ந்து மேலாகப் புரட்டு’ என்றார் அம்மா. ஆம், புரட்டு! கலக்கினால் நுரையிலுள்ள காற்று வெளியேறிவிடும். புரட்டினால் காற்று உள்ளேயே தங்கும்.

4. முக்கி எடுத்தல்: திராமிசு நன்றாக வருவதும் கூழாகிப் போவதும் இந்தப் படியில்தான் இருக்கிறது. சவொயார்தி நுரைத்த மாவில் சுட்டதாதலால் உள்ளே முழுதும் சிறு சிறு துளைகள். கோப்பியைக் கண்டதும் உறிஞ்சிவிடும். பேத்தி முதல் ரொட்டியைக் கோப்பியில் போட்டுவிட்டு எண்ணத் தொடங்கினாள். ஐந்து எண்ணுவதற்குள் அது கையோடு உடைந்தது. ‘ஊற விடாதடி. முக்கி எடு!’ என்றார் அம்மா. ஊற வை, நனை, தோய், முக்கு: நான்கும் நீரோடு தொடர்புடைய வினைகளே. ஆனால், காலம் வேறு. உளுந்தை ஊற வைக்கிறோம், துணியை நனைக்கிறோம், பலகாரத்தைப் பாகில் தோய்க்கிறோம், ரொட்டியைத் தேநீரில் முக்கி எடுக்கிறோம். பக்கத்துக்கு ஒரு நொடி என்று எண்ணிக்கை சொல்லி விளக்க வேண்டியதை ‘முக்கி எடு’ என்ற இரண்டு சொற்கள் சொல்லிவிட்டன.

5. அடுக்குதலும் பரப்புதலும்: முக்கி எடுத்த ரொட்டிகளைத் தட்டில் இடைவெளியின்றி அடுக்குங்கள். அதன்மேல் கலவையில் பாதியைப் பரப்புங்கள். மீண்டும் ஓர் அடுக்கு ரொட்டி; மீண்டும் கலவை. மேற்பரப்பைக் கரண்டியால் மெழுகுங்கள். தரை மெழுகிய கைகளைப் பார்த்திராத பேத்திக்கு ‘மெழுகு’ என்றால் மெழுகுவத்திதான். அம்மா அவள் கையைப் பிடித்து அரைவட்டமாக இழுத்துக் காட்டினார்.

6. குளிர விடுதல்: மூடிவைத்துக் குளிர்சாதனப் பெட்டியில் குறைந்தது ஆறு மணி நேரம் வையுங்கள், ஓர் இரவு வைத்தால் இன்னும் நன்று. உறைபனிப் பெட்டியில் வைக்க வேண்டா. இந்த நேரத்தில்தான் ஈரம் ரொட்டியின் நடுப்பகுதி வரை பரவி, அடுக்குகள் ஒன்றோடொன்று பொருந்தி இறுகும்.

7. தூவுதல்: பரிமாறும் முன் கொக்கோத் தூளைச் சல்லடையில் இட்டுச் சலித்துத் தூவுங்கள். முன்கூட்டியே தூவினால் ஈரம் ஏறிக் கறுத்துவிடும். கொட்டுவது வேறு, தெளிப்பது வேறு, தூவுவது வேறு என்பதை இந்நேரம் பேத்தியே எனக்கு விளக்கினாள்.

நம் ஊர் வெப்பத்தில் இதனை நெடுநேரம் மேசைமேல் வைக்காதீர்கள். வெட்டிக் கொடுத்ததும் மீதியைப் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். இரண்டு நாளுக்குள் உண்டு முடிப்பது நல்லது.

பகிர்ந்து உண்ண...

பக்கத்து வீட்டு மலாய்க் குடும்பத்துக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தோம். பொருள்களை வாங்கும்போதே ஹலால் முத்திரையைப் பார்த்து வாங்கியிருந்ததாலும், மது சேர்க்காததாலும் தயக்கமின்றி வாங்கிக்கொண்டனர். மறுநாள் அந்தக் கிண்ணம் ‘கேக் பாத்திக்’ துண்டுகளோடு திரும்பி வந்தது. மேரி ரொட்டியும் மைலோவும் சேர்ந்த, சூளையில் வைக்காமலேயே செய்யும் நம் நாட்டு இனிப்பு அது. திராமிசுவுக்கு நம்மூர்ப் பங்காளி என்று வைத்துக்கொள்ளலாம்!

முட்டை உண்ணாத வீட்டார் மஞ்சள் கருவை விட்டுவிட்டு, பாலேட்டைச் சீனியுடன் அடித்து மஸ்கார்ப்போனேயோடு சேர்த்துக்கொள்ளலாம். சவொயார்தியில் முட்டை உண்டு. அதற்கு ஈடாக மேரி ரொட்டியைப் பயன்படுத்துங்கள். கடையில் வாங்கினால் உறையிலுள்ள பொருள் விவரத்தைப் படித்துப் பாருங்கள்.

ஆசிரியர்களுக்கும் பெற்றோர்களுக்கும்

பலகாரம் நன்றாகவே வந்திருந்தது. ஆனால், என் மனத்தில் நின்றது வேறொன்று. அன்று மாலை தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருக்க, பேத்தி பாட்டியின் அருகே போய் அமர்ந்து, ‘பாட்டி, மரத்தை ஏன் காலையிலயே சீவணும்?’ என்று கேட்டாள். வெயில் ஏறினால் பால் வடிவது குறைந்துவிடும் என்று அம்மா விளக்கினார். அவள் அடுத்த கேள்வியைக் கேட்டாள். அவர் மறுமொழி சொன்னார். ‘சீவு’ என்ற ஒரு வினை அவளிடம் இல்லாதிருந்தால் அந்தக் கேள்வியே பிறந்திராது. பாட்டியின் வாழ்க்கை முழுதும் வினைகளால் ஆனது. அந்த வினைகள் தெரியாத பேத்திக்கு அந்த வாழ்க்கைக்குள் நுழைய வாயில் ஏது?

ஆசிரிய நண்பர்களே! செய்முறைக் கட்டுரை எழுதச் சொன்னால் நம் மாணாக்கர் பலர் ‘பிறகு அதனைக் கலக்க வேண்டும், பிறகு இதனைக் கலக்க வேண்டும்’ என்றே எழுதுகிறார்கள். அவர்களைக் குறைசொல்லிப் பயனில்லை. கண்டிராத செயலுக்குச் சொல் எப்படி வரும்? அடுப்பில்லாமல் வகுப்பிலேயே செய்யக்கூடிய எளிய நடவடிக்கை ஒன்றைச் சொல்கிறேன். மேரி ரொட்டி, மைலோ, கெட்டிப்பால், ஒரு தட்டு ஆகியவை போதும். குழுவில் ஒருவர் ஏவல் வினையால் மட்டுமே பேச வேண்டும்: முக்கு, அடுக்கு, ஊற்று, பரப்பு, தூவு. மற்றவர் செய்ய வேண்டும். ‘பண்ணு’ என்ற சொல் வந்தால் அந்தக் குழு ஒரு முறை தவற விடும். முடிந்தபின் அதே வினைகளைக் கொண்டு கட்டுரை எழுதச் சொல்லுங்கள். யார் யாருக்கு எந்த உணவு ஒவ்வாது என்பதை முன்கூட்டியே பெற்றோரிடம் கேட்டறிவது கட்டாயம்.

பெற்றோர்களே! தமிழ்ப்பள்ளிக்கு அனுப்பினாலும் அனுப்பாவிட்டாலும், வாரத்தில் ஒரு நாள் பிள்ளையை அடுப்பங்கரைக்குள் அழைத்துக்கொள்ளுங்கள். செய்வது திராமிசுவாக இருக்கட்டும், தோசையாக இருக்கட்டும். வீட்டில் பாட்டியோ தாத்தாவோ இருந்தால் அவர்களுக்கும் ஒரு நாற்காலி போடுங்கள். பெயர்ச்சொற்கள் எந்த மொழியில் வந்தாலும் வரட்டும். ‘மிக்ஸ் பண்ணவா?’ என்று பிள்ளை கேட்கும்போது, ‘கிண்டு’ என்றோ ‘பிசை’ என்றோ ‘புரட்டு’ என்றோ சரியான வினையைச் சொல்லி, கையைப் பிடித்துக் காட்டுங்கள். மறுமுறை அவர்களே சொல்வார்கள்.

அடுத்த விடுமுறைக்கு முறுக்குப் பிழியலாம் என்று பேத்தி சொல்லியிருக்கிறாள். ‘பிழி’ என்ற வினையை அவளே பாட்டியிடம் கேட்டு வைத்துக்கொண்டிருக்கிறாள்.